வவுச்சர் இல்லாத கனவுகள்

செப்டம்பர் கடைசி வாரத்தில் சென்னையின் எந்த ஆடிட்டர் ஆபீஸுக்குள் போனாலும் எல்லோர் வாயிலும் ஒரே தேதிதான்: 30. அதற்குள் டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுகளை வருமான வரித் துறையின் தளத்தில் ஏற்றியாக வேண்டும். கெடுவை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று ஒரு கண் செய்தியில், ஒரு கண் டேலியில். மேற்கு மாம்பலத்தில் வீட்டு மாடியில் நடக்கும் சின்ன ஆபீஸானாலும் சரி, நுங்கம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய ஆபீஸானாலும் சரி, ஏதோ ஒரு மூலை மேஜையில் இருபது வயதுப் பையனோ பெண்ணோ லெட்ஜர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கண் திரையில், விரல் மவுஸில். மனசு மட்டும் எப்போதோ வெளியே போயிருக்கும்.

எங்கே போனது என்று ஆபீஸில் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள். கீழே டீக்கடையில், கூட வேலை பார்க்கும் இன்னொரு பிள்ளையிடம் மட்டும் சொல்வார்கள். ஒருவருக்கு பேக்கரி வைக்க வேண்டும். ஒருவர் கொடைக்கானல் பக்கம் நாலு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துவதாகவே முடிவு செய்துவிட்டார். திரைச்சீலை என்ன நிறம் என்பதுவரை தீர்மானமாகிவிட்டது. ஒருவர் மனதில் குறும்படம் ஓடுகிறது. இன்னொருவர் மார்கழி சீசனில் மாலைக் கச்சேரி பாடிக்கொண்டிருக்கிறார். ஊரில் மூன்று ஏக்கர் இருக்கிறது, போய் மாடு வளர்க்கப் போகிறேன் என்பவரும் கட்டாயம் இருப்பார். அவர் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

இவர்களுக்கு 'ஆர்ட்டிகிள்' என்று பெயர். சி.ஏ. படிப்பில் இன்டர்மீடியட் தேறிய பிறகு, ஏற்கெனவே தொழில் நடத்தும் ஓர் ஆடிட்டரிடம் சேர்ந்து வேலை பழக வேண்டும். அந்த ஆடிட்டர் 'பிரின்சிபல்'. மூன்று வருடமாக இருந்த இந்தப் பயிற்சிக் காலத்தை 2023-ல் வந்த புதிய திட்டம் இரண்டு வருடமாகக் குறைத்தது. கூடவே விடுமுறையும் சுருங்கியது: வருடத்துக்கு 12 நாள். பயிற்சி முடிந்து ஆறு மாதம் உட்கார்ந்து படித்த பிறகுதான் ஃபைனல் எழுத முடியும். ஸ்டைபண்டு என்று சில ஆயிரம் வரும். தங்கும் விடுதிக்கே அது போதாது என்பது வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒரு தொழிலுக்குத் தயாராகிக்கொண்டே வேறொரு தொழிலைக் கனவு காணும் வழக்கம் இவர்களுக்கு மட்டும் உரியதில்லை. இன்ஜினீயரிங் காலேஜ் பின்வரிசையில் இருந்து தமிழ் சினிமாவுக்குப் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள். ஹவுஸ் சர்ஜன் ராத்திரி டியூட்டியிலும் இதே கதைதான். ஆனாலும் ஆர்ட்டிகிள் பிள்ளைகளின் கனவில் ஒரு விசேஷம் உண்டு. அவர்கள் கற்கும் தொழிலே, எழுதி வைத்ததை நம்பாதே, ஆதாரத்தைக் கேள் என்பதுதான். அந்தக் கேள்வியைத் தங்கள் கனவிடம் மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

'அப்புறம்' என்ற தேதி

பெரும்பாலான வீடுகளில் இது பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் முடிவாகிவிடுகிறது. கணக்கில் நல்ல மார்க், ஆனால் சயின்ஸில் ஆர்வமில்லை என்றால் காமர்ஸ் குரூப். காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டால் உறவுக்காரர்கள் அடுத்துக் கேட்பது சி.ஏ.வைத்தான். பிள்ளைக்கு வயது பதினைந்து, பதினாறு. பாட்டு, கிரிக்கெட், படம் வரைவது என்று அதற்கு ஏதாவது இருந்தால், வீட்டில் அதை யாரும் வெட்டிப் போடுவதில்லை. "முதல்ல சி.ஏ. முடி. அப்புறம் நீ என்ன வேணா பண்ணு." நல்ல மனசோடு சொல்லப்படும் வாக்கியம். சிக்கல் 'அப்புறம்' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்குத் தேதி கிடையாது.

தேதி ஏன் வராது என்பதற்குத் தேர்வு முடிவுகளைப் பார்த்தாலே போதும். 2023 நவம்பரில் ஃபைனலின் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்கள் 32,907 பேர். தேறியவர்கள் 3,099 பேர், அதாவது 9.42 சதவிகிதம். 2024 மே மாதம் 35,819 பேரில் 7,122 பேர் தேறினார்கள். 19.88 சதவிகிதம் என்றதும் ஊரே 'நல்ல ரிசல்ட்' என்று கொண்டாடியது. ஐந்தில் நான்கு பேர் தேறாததுதான் அந்த நல்ல ரிசல்ட். ஒவ்வொரு பேப்பரிலும் 40 வாங்க வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவிகிதம் தாண்ட வேண்டும். எல்லாப் பேப்பரிலும் 45 வாங்கிய பிள்ளை எதிலும் தோற்கவில்லை, ஆனால் குரூப் போச்சு. 'எத்தனாவது அட்டெம்ப்ட்?' என்ற கேள்விக்கு பயந்து கல்யாண வீடுகளுக்குப் போகாத பிள்ளைகளை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பெண் பிள்ளைகளுக்கு அந்த 'அப்புறம்' இன்னும் குட்டை. ஃபைனல் முடிந்த கையோடு ஜாதகம் வெளியே வந்துவிடும். கணக்குப் படித்து முடித்த பெண்ணுக்கு, தன் கனவுக்கென்று கிடைப்பது ரிசல்ட்டுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் நடுவில் உள்ள சில மாதங்கள்தான்.

மனசு வெளியே போவதன் கணக்கு

வேலை நேரத்தில் கனவு காண்பது சோம்பேறித்தனம் என்று பிரின்சிபல்கள் நினைப்பார்கள். அதற்கு ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. 2010-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் ஐபோன் செயலி ஒன்றின் வழியே 2,250 பேரிடம், நாளின் ஏதாவதொரு நேரத்தில் திடீரென்று, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எதில் இருக்கிறது என்று கேட்டார்கள். 46.9 சதவிகிதச் சந்தர்ப்பங்களில் மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. ஆக, கனவு காணாத ஆடிட்டர் என்று யாரும் இல்லை. பிரின்சிபலும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அதே ஆய்வு கொஞ்சம் கசப்பான இன்னொன்றையும் சொன்னது. இனிமையானதை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்யும் வேலையிலேயே மனம் வைத்தவர்களைவிடக் கூடுதல் சந்தோஷமாக இல்லை. பேக்கரியை நினைப்பதால் வவுச்சர் சரிபார்க்கும் வேலை இனிக்காது.

இதைவிட முக்கியமானது காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் தோரிஸ் மேயருடன் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு. பட்டம் முடிக்கப்போகும் மாணவர்களிடம், தங்களுக்குக் கிடைக்கப்போகும் வேலையைப் பற்றி எவ்வளவு அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு வருடம் கழித்து விசாரித்தபோது, அதிகமாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே விண்ணப்பம் போட்டிருந்தார்கள், குறைவாகவே வேலை கிடைத்திருந்தது, சம்பளமும் குறைவு. கனவிலேயே பாதி ருசி பார்த்துவிட்டதால் எழுந்து போகும் உந்துதல் வற்றிவிடுகிறது என்பது அவர் விளக்கம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கூட்டம் இருந்தது. அவர்கள் இனிமையாகக் கற்பனை செய்துகொண்டிருக்காமல், கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள். முன்பு தாங்கள் செய்து பார்த்த அனுபவத்தை வைத்து வரும் எதிர்பார்ப்பு அது. அவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

ஆர்ட்டிகிளுக்குப் புரியும் பாஷையில் சொன்னால் இரண்டாவது கூட்டத்திடம் வவுச்சர் இருந்தது. செலவு எழுதியிருக்கிறாயா, பில் எங்கே? வரவு எழுதியிருக்கிறாயா, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் எங்கே? முதல் நாளிலிருந்து கற்றுத்தரப்படும் இந்தக் கேள்வியை ஹோம்ஸ்டேயிடமும் குறும்படத்திடமும் கேட்டால் பாதிக் கனவுகள் அன்று சாயங்காலமே மூட்டை கட்டிவிடும். மீதிப் பாதிதான் நமக்குச் சுவாரஸ்யம்.

பேக்கரியின் கரண்ட் பில்

இங்கேதான் ஆர்ட்டிகிள் பிள்ளைகளுக்கு வேறு எந்த மாணவருக்கும் இல்லாத ஒரு சௌகரியம். மருத்துவம் படிக்கும் பிள்ளை பேக்கரி கனவு கண்டால், அது காண்பது பேக்கரியின் வாசனையை மட்டும். ஆர்ட்டிகிள் பிள்ளையின் மேஜையில் ஒரு நிஜ பேக்கரியின் லாப நஷ்டக் கணக்கே கிடக்கிறது. அடுப்புக்கு மாதாமாதம் எவ்வளவு கரண்ட், வெண்ணெய் விலை ஏறிய மாதத்தில் லாபம் எங்கே போயிற்று, டெலிவரி ஆப்காரர்கள் கமிஷனாக எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள், விற்காமல் போன பன் எத்தனை, கடை வாடகை மூன்று வருடத்தில் எப்படி ஏறியது, மாஸ்டர் வேலையை விட்டுப் போன மாதம் விற்பனை எப்படிப் படுத்தது. பிரெட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கேக்குக்கு உண்டு, இரண்டையும் விற்கும் கடை இன்புட் கிரெடிட்டை எப்படிப் பிரிக்க வேண்டும் என்ற தலைவலியைத் தீர்ப்பதே அந்தப் பிள்ளைதான்.

பேக்கரி ஓர் உதாரணம். மார்ச் 31 ராத்திரி சேலத்து ஜவ்வரிசி ஆலையில் மூட்டை எண்ணப் போகிறார்கள். திருப்பூர் கோடவுனில் நூல் கோன்களை எண்ணுகிறார்கள். ஏப்ரல் பிறந்ததும் பேங்க் ஆடிட். ஏதோ ஓர் ஊரின் கிளையில் உட்கார்ந்து, யார் எதற்குக் கடன் வாங்கினார், எதனால் கட்ட முடியவில்லை என்று ஃபைல் ஃபைலாகப் படிக்கிறார்கள். வாராக்கடன் ஃபைலைப்போல் கனவின் பின்விளைவைச் சொல்லித்தரும் புத்தகம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். புரொஜெக்ட் ரிப்போர்ட்டில் எல்லாப் பண்ணையிலும் எல்லா மாடும் பால் கறக்கும். மூன்றாவது வருடத்து ஃபைலில்தான் மாடு செத்த கதை வரும்.

பிபிசி தொலைக்காட்சியில் 1969-ல் மான்ட்டி பைத்தான் குழுவினர் போட்ட ஒரு நகைச்சுவைக் காட்சி இந்தத் தொழில்காரர்களிடையே இன்னும் பிரபலம். இருபது வருடம் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்டாக இருந்து சலித்துப்போன ஒருவர், சிங்கத்தை அடக்கும் வித்தைக்காரராகப் போகிறேன் என்று வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் வருகிறார். பேசப் பேசத்தான் தெரிகிறது, அவர் சிங்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பது எறும்புத்தின்னியை. நிஜச் சிங்கத்தின் படத்தைக் காட்டியதும் அலறிவிடுகிறார். கேலி செய்தது அக்கவுன்டன்ட்டைத்தான் என்றாலும், அந்த ஆலோசகர் செய்த காரியம் சரியானது. படத்தை எடுத்துக் காட்டினார். (ஆலோசகராக நடித்த ஜான் கிளீஸ் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர். குழுவில் இன்னொருவரான கிரஹாம் சாப்மன் டாக்டருக்குப் படித்தவர். அவர்கள் வகுப்பில் எதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.)

கணக்கு ஆபீஸ்காரர்கள்

கணக்குத் துறைக்கும் கனவுக்கும் உள்ள உறவு நம் ஊரில் பழையது. சர் சி.வி. ராமன் ஒரு கணக்கு அதிகாரி என்பதை அவர் படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியவர்கள் மறந்துவிட்டார்கள். 1907-ல் இந்திய நிதித் துறைத் தேர்வில் முதலாவதாக வந்து, 18 வயதில் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தவர். டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஓர் அறிவியல் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கிப் போனார். அதன்பின் காலையில் ஆபீஸுக்கு முன்னாலும் மாலையில் ஆபீஸுக்குப் பின்னாலும் அங்கேதான். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றினார்கள். போனார், திரும்பி வந்தார். அரசாங்க வேலையை விட்டது 1917-ல், பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி கைக்கு வந்த பிறகு, அதுவும் குறைந்த சம்பளத்துக்கு. பத்து வருடம் அவர் அரசாங்கத்தின் கணக்கையும் பார்த்தார், தந்தி வாத்தியங்களின் அதிர்வையும் ஆராய்ந்தார். அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் அவர் மோசமான அதிகாரி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கே. பாலசந்தரும் அதே துறைதான். நன்னிலத்துக்காரர், கொஞ்ச காலம் முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியர், 1950-ல் சென்னை ஏ.ஜி. ஆபீஸில் குமாஸ்தா. மாலையில் நாடகம். 1964-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதியபோதும் அவர் அரசாங்க ஊழியர்தான். 1965-ல் 'நீர்க்குமிழி'யை இயக்கினார். ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்கு வரப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது.

சமகாலத்துக்கு வந்தால் சஞ்சய் சுப்ரமண்யன். விவேகானந்தா கல்லூரியில் காமர்ஸ், பிறகு சி.ஏ., கூடவே காஸ்ட் அக்கவுன்டன்சி. கச்சேரி மேடைக்கு வந்தது 1986-ல், பதினெட்டு வயதில். பாட்டுக்காகப் படிப்பை விடவில்லை, படிப்புக்காகப் பாட்டை நிறுத்தவில்லை. 2015-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. ஆர்ட்டிகிள் பிள்ளைகளில் பாடத் தெரிந்தவர் ஒவ்வொருவரும் வீட்டில் முன்வைக்கும் பெயர் இது. வீட்டார் அதே பெயரைச் சொல்லி, 'அவரே சி.ஏ.வை முடிச்சிட்டுத்தானே...' என்று திருப்பி அடிப்பதும் உண்டு.

தேசம் தாண்டினாலும் இதே கதைதான். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1815-ல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். உடற்கூறு வகுப்பில் அவர் எடுத்த குறிப்பு நோட்டு இன்றும் இருக்கிறது, ஓரங்களில் பூக்கள் வரைந்திருக்கிறார். வகுப்பறைக்குள் விழுந்த வெயில் கீற்றில் ஏறித் தேவதைகளின் உலகத்துக்குப் போய்விட்டதாக நண்பரிடம் சொன்னாராம். ஆனால் 1816-ல் லைசென்ஸ் தேர்வில் தேறியும்விட்டார். அதன் பிறகே மருத்துவத்தை விட்டார்.

இப்படிப் பெயர்களை அடுக்குவதில் ஒரு மோசடி இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஜெயித்தவர் பெயர் மட்டும்தான் பத்திரிகைக்கு வருகிறது. ஏ.ஜி. ஆபீஸில் பாலசந்தரைப் போலவே மாலையில் மேக்கப் போட்டவர்கள் எல்லோரும் பாலசந்தர் ஆகவில்லை. ஆனால் அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்லலாமா? சென்னையின் சபா நாடகம் என்ற ஒன்றையே ஓட்டியவர்கள் பேங்க், ரயில்வே, ஏ.ஜி. ஆபீஸ், டெலிபோன்ஸ் ஊழியர்கள். ஐந்தரைக்கு ஆபீஸ், ஆறரைக்கு ஒத்திகை. பெரும்பாலோர் வேலையை விடவே இல்லை, விடும் உத்தேசமும் இல்லை. நாடகம் அவர்களுக்குச் சோறு போடவில்லை. அவர்களும் அதனிடம் சோறு கேட்கவில்லை. ஆசையைத் தொழிலாக்கு, பிடித்ததைச் செய்து பணம் பண்ணு என்று இன்று எல்லா மேடையிலும் பேசுகிறார்களே, அந்த உபதேசம் பிறக்காத காலம். கனவுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு மாலை நேரம், ராஜினாமா கடிதம் இல்லை. இன்றைய பிள்ளையிடம் இல்லாதது அந்த மாலை நேரம்தான். கனவுக்கும் வேலைக்கும் நடுவில் ஒத்திகை என்ற இடமே காணாமல் போனதால், மனதுக்குள் அது 'எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவது' என்ற ஒரே உருவத்தில் வருகிறது.

சிறையில் ஒரு கணக்குக் கனவு

எல்லாக் கனவும் கணக்கிலிருந்து வெளியே ஓடியதில்லை. ஆர். சிவபோகம், சிஸ்டர் சுப்பலட்சுமியின் மாணவி, சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு ஒரு வருடம் சிறையில் இருந்தவர். அங்கேதான் கணக்கியல் படிக்க வேண்டும் என்று தீர்மானித்தார். பெண்கள் எட்டிப்பார்க்காத துறை. 1933-ல் தேறினார். சிறைக்குப் போனவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று பிரிட்டிஷ் அரசு சட்டம் வைத்திருந்தது. வழக்குப் போட்டு ஜெயித்து, 1937-ல் தனியாகத் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட். இன்று ஒரு பிள்ளை எந்த மேஜையிலிருந்து தப்பி ஓட நினைக்கிறதோ, அந்த மேஜையில் உட்காருவதே ஒருவருக்குச் சிறைக்குள் கண்ட கனவாக இருந்திருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆடிட் தொழிலை வெறும் பிழைப்பு என்று ஒதுக்கும் முன் சிவபோகம் அதில் எதைப் பார்த்தார் என்று யோசிப்பதில் நஷ்டமில்லை.

யாருடைய கனவுக்கு யார் பணம்?

கனவுக்கு விலை உண்டு, எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. அப்பாவே ஆடிட்டர், ஆபீஸ் சொந்தம், வீடு மயிலாப்பூரில் என்றால், ஒரு வருடம் படம் எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லலாம். பையன் தோற்றுத் திரும்பினாலும் நாற்காலி காத்திருக்கும். விருத்தாசலத்திலிருந்தோ அருப்புக்கோட்டையிலிருந்தோ வந்து, குடும்பத்தில் முதன்முதலாக இந்தப் படிப்பைத் தொட்டு, அக்கா நகையில் கோச்சிங் ஃபீஸ் கட்டிய பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் கிடையாது. 'துணிந்து குதி' என்று மேடையில் பேசுகிறவர்கள் கீழே வலை இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளை கனவைத் தள்ளிப்போட்டால் அதைக் கோழைத்தனம் என்பது அநியாயம்.

இன்னொரு வகைக் கனவும் உண்டு, அதை இனம் கண்டுகொள்ள வேண்டும். அது ரிசல்ட் வந்த ராத்திரியில் பிறக்கும். மூன்று மார்க்கில் குரூப் போன பிள்ளைக்கு, நான் உண்மையில் இதற்குப் பிறந்தவனே இல்லை, போட்டோகிராஃபி என்னைக் கூப்பிடுகிறது என்று தோன்றும். ஆறுதலுக்கு நல்லது, முடிவெடுக்க ஆகாது. இதைச் சோதிக்க ஒரு வழி, தேறிய பிறகு பார்ப்பது. ஜெயித்த மறு வாரமும் கேமரா கூப்பிட்டால் அது கேமராதான். இன்னொரு வழி ஞாயிற்றுக்கிழமை. எழுத்தாளராகப் போகிறேன் என்கிற பிள்ளை போன ஞாயிறு ஒரு பக்கம் எழுதியதா? பேக்கரி வைக்கப்போகிறவர் வீட்டு அவனில் ஒரு தட்டு பிஸ்கட்டையாவது கருக்கினாரா? கருகிய பிஸ்கட்டும் ஒரு வவுச்சர்தான், செல்லும்.

கையே அசையாமல் இரண்டு வருடமாக ஓடும் கனவென்றால், அதன் பெயர் பெரும்பாலும் களைப்பு. மாற்ற வேண்டியது தொழிலையா, ஆபீஸையா, தூங்கும் நேரத்தையா என்று பார்க்க வேண்டும். ஆடிட் சலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை விசாரித்தால், ஆறு மாதமாக ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தவிர வேறு எதையும் அதன் கையில் கொடுக்கவில்லை என்று தெரியவரும். அதற்குச் சலிக்காமல் என்ன செய்யும்?

ஒரு நல்ல பிரின்சிபல்

ராமானுஜனை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். ராமனைப் போலவோ பாலசந்தரைப் போலவோ அவரால் இரண்டு குதிரையில் போக முடியவில்லை. கணிதம் தவிர எதையும் படிக்காமல் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 30 ரூபாய். ஆபீஸில் மனசு வெளியே போகும் பிள்ளைக்கு இவரைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

அவருக்கு வாய்த்த மேலதிகாரி எஸ். நாராயண ஐயர். துறைமுகத்தின் தலைமைக் கணக்காளர், தாமே கணிதம் படித்தவர், இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். குமாஸ்தா கவனமாக இல்லை என்று மெமோ கொடுக்கவில்லை. மாலையில் வீட்டில் அவரோடு சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தார். இந்தப் பையன் யார் என்று துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காதில் போட்டார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று, 1914 மார்ச்சில் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவர் மேதை என்பதால் எப்படியும் வெளியே வந்திருப்பார் என்பார்கள். எனக்கு அதில் நிச்சயமில்லை. 30 ரூபாய் சம்பளத்தில், மெமோ கொடுக்கும் ஓர் அதிகாரிக்குக் கீழே, எத்தனை வருடம் தாங்கியிருப்பார்?

ஆகவே ஆடிட்டர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மூலை மேஜையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ராமானுஜனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நன்றாக வீணை வாசிப்பவராக, நாலு சிறுகதை எழுதுபவராக, லீக் மேட்சில் ஆஃப் ஸ்பின் போடுபவராக இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் மாலை அந்தப் பிள்ளையை நேரத்தோடு அனுப்பிவிடுங்கள். செப்டம்பரில் முடியாதுதான், நவம்பரில் முடியுமே. ஒரே வேலையை வருடம் முழுக்கக் கொடுக்காமல் நாலு விதமான க்ளையன்ட்டின் கணக்கைக் காட்டுங்கள். பேக்கரி கனவு காண்பவரை அடுத்த தடவை பேக்கரி ஆடிட்டுக்கே அனுப்பிவையுங்கள். போய்விட்டு வந்து ஆசை விட்டதா, ஆசை முற்றியதா என்று கேளுங்கள். இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்குப் பாதி மனசோடு வேலை பார்க்கும் ஆள் ஒருவர் குறைவார்.

இது சலுகையாகக் கேட்பதும் அல்ல. ஆர்ட்டிகிள் பிள்ளைகளின் வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி நேரம் என்று உங்கள் இன்ஸ்டிட்யூட்டே விதித்திருக்கிறது.